ஒரு பழைய ஐஸ் ஹொக்கிப் பருவத்தைக் கொப்பியில் மீட்டெடுப்பது எப்படி

முதலில் ஒரு சி.ஆர். கொப்பி வாங்குங்கள். தடித்த மட்டை போட்டதாக இருக்கட்டும். இந்த வேலை ஒரு கிழமையில் முடிவதில்லை. மாரி தொடங்கும்போது கையில் எடுத்தால் தைப்பொங்கலுக்குத்தான் ஒரு உருவம் வரும். அடிமட்டம், பென்சில், நீலப் பேனை, சிவப்புப் பேனை, இணையம் உள்ள ஒரு ஃபோன். வேறு எதுவும் வேண்டாம். பனியைக் கண்ணால் கண்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. நான் கண்டதில்லை, வன்னியில் மல்லாவியில் இருந்துகொண்டுதான் இதைச் செய்கிறேன்.

நான் எடுத்துக்கொண்டது கனடாவின் கியூபெக் ஹொக்கி லீக். பருவம் 1954–55. அங்கே குளிர் காலத்தில் ஆடுவதால் ஒக்ரோபரில் தொடங்கி அடுத்த வருடம் வசந்தம் வரை போகும். கமநல சேவை நிலையத்தில் எங்கள் காலபோகத்தை 2023/24 என்று பதிவதைப்போல அவர்களும் இரண்டு வருடத்தையும் சேர்த்தே எழுதுகிறார்கள். கொப்பியின் முதல் பக்கத்தில் இரண்டு வருடத்தையும் பெரிதாக எழுதுங்கள். ஜனவரிக்குப் பிறகு வருகிற ஆட்டங்களை வேறு பருவம் என்று பிள்ளைகள் தனியாக வைத்துவிடுவார்கள்.

இந்த வேலை எனக்கு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். நான் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவள். சாதாரண தரப் பிள்ளைகளுக்குப் புள்ளிவிபரம் படிப்பிக்கும்போது பாடப்புத்தகக் கணக்கு அவர்கள் மனதில் ஒட்டாது. ஒரு லீக் அட்டவணையைக் கரும்பலகையில் போட்டால் பின் வாங்கில் இருக்கிறவனும் எழும்பி முன்னுக்கு வருவான். எங்கள் பகுதி உதைபந்தாட்டச் சுற்றுகளின் அட்டவணையையே போட்டிருக்கலாம். ஆனால் துணுக்காய், ஒட்டுசுட்டான், விசுவமடுப் பக்கத்துக் கழகங்கள் வைத்திருந்த கொப்பிகள் 2008, 2009 இடப்பெயர்வுகளில் பெட்டியோடு போய்விட்டன. யார் எத்தனை கோல் அடித்தார் என்பது இப்போது வாய்ச்சொல்லாகத்தான் இருக்கிறது. மொன்றியலில் இருக்கும் அண்ணாவிடம் இதைச் சொன்னபோது, "தங்கச்சி, இஞ்சத்தைப் பழைய பேப்பரெல்லாம் இணையத்தில கிடக்கு. ஒரு பருவத்தை முழுசா எடுத்துப் பாருங்கோவன்" என்றார். அவருடைய பேத்தி அங்கே ஐஸ் ஹொக்கி ஆடுகிறாள். விளையாட்டைப் பற்றி எனக்கு விளங்காததை அவளிடம் கேட்டுக்கொள்கிறேன்.

ஆட்டத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

கொப்பியைத் திறக்குமுன் பள்ளிக்கூட மைதானத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்ச் சுண்ணாம்பால் ஒரு களம் கீறுங்கள். நீளம் 200 அடி, அகலம் 85 அடி. மீற்றரில் ஏறக்குறைய 61க்கு 26. மூலைகளைக் கூராக விடாமல் வளைத்து விடுங்கள். உதைபந்தாட்ட மைதானத்தில் பாதியளவு நீளத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். இதற்குள் பன்னிரண்டு பேர் சறுக்குக் கத்திகளோடு ஓடுகிறார்கள். பந்துக்குப் பதிலாக மூன்று அங்குல விட்டமும் ஒரு அங்குலத் தடிப்பும் உள்ள இறப்பர் வட்டு, பெயர் பக். கோல் வாசலின் அகலம் ஆறு அடி, உயரம் நான்கு அடி. அந்தச் சின்ன வாசலை அடைத்துக்கொண்டு ஒருவர் நிற்கிறார்.

ஆட்டம் இருபது இருபது நிமிடமாக மூன்று பகுதி. பிழை செய்தவர் இரண்டு நிமிடம் வெளியே இருக்க வேண்டும். அதுவரை அவருடைய பக்கம் ஒரு ஆள் குறைவு. இந்த விதியை நன்றாக மனதில் வைத்திருங்கள், பழைய எண்களை வாசிக்க உதவும். இன்றைக்கு ஆள் குறைவான பக்கம் ஒரு கோல் வாங்கியதும் வெளியே இருப்பவர் திரும்பி வரலாம். அந்தக் காலத்தில் என்.எச்.எல். எனப்படும் பெரிய லீக்கில் அப்படியில்லை, எத்தனை கோல் விழுந்தாலும் இரண்டு நிமிடமும் இருக்க வேண்டும். 1955 நவம்பர் 5ஆம் திகதி மொன்றியல் கனேடியன்ஸ் கழகத்தின் ஜோன் பெலிவோ, எதிரணியில் ஆள் குறைந்திருந்த நேரத்தில் 44 விநாடிகளுக்குள் மூன்று கோல் போட்டார். 1956இல் பெரிய லீக் அந்த விதியை மாற்றியது. ஆகவே 1950களின் பாதியில் ஒரு பக்கம் சடசடவென்று மூன்று கோல் வாங்கியிருந்தால், கோல் கீப்பரைக் குறை சொல்லுமுன் யார் வெளியே இருந்தார் என்று பாருங்கள்.

கோல் கீப்பர்களைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். அப்போது அவர்கள் முகமூடி இல்லாமல் நின்றார்கள். ஜக் பிளான்ற் என்பவர் 1959 நவம்பர் 1ஆம் திகதி முகத்தில் பக் பட்டுக் கிழிந்து, தையல் போட்டுக்கொண்டு, முகமூடியோடுதான் திரும்பி வருவேன் என்று வந்து நின்றார். அதற்குப் பிறகுதான் அது வழக்கமாயிற்று. அவர் வளர்ந்த ஊர் ஷோவினிகன். அந்த ஊர்ப் பெயரைக் குறித்து வையுங்கள், பிறகு தேவைப்படும்.

சின்ன லீக் என்றால் சின்ன ஆட்டம் அல்ல

பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி இது: "ரீச்சர், ஏன் பெரிய லீக்கை எடுக்கேல்ல?" அதற்குக் கணக்கிலேயே பதில் இருக்கிறது. 1942 தொடக்கம் 1967 வரை பெரிய லீக்கில் ஆறே ஆறு கழகங்கள்: மொன்றியல், ரொறன்ரோ, பொஸ்ரன், நியூயோர்க், டிற்றொயிற், சிக்காகோ. ஒவ்வொரு கழகமும் பெரும்பாலும் ஒரே கோல் கீப்பரைத்தான் வைத்திருந்தது. அப்படியென்றால் முழுக் கனடாவிலும் அமெரிக்காவிலும் சேர்த்து அந்த வேலை ஆறு பேருக்குத்தான். ஏழாவது ஆள் எவ்வளவு கெட்டிக்காரன் என்றாலும் அவன் சின்ன லீக்கில்தான் ஆட வேண்டும். கைல் ஃபீல்டர் என்றொருவர் மேற்கு லீக்கில் 1956–57 பருவத்தில் 122 புள்ளி எடுத்தார் (ஆட்டக்காரரின் புள்ளி என்றால் அவர் போட்ட கோலும் மற்றவரின் கோலுக்குச் செய்த உதவியும் சேர்த்து). பெரிய லீக்கில் அவருக்குக் கிடைத்த வழக்கமான ஆட்டங்கள் ஒன்பது, அவற்றில் ஒரு புள்ளியும் இல்லை. இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்து, பெரிய லீக் எண்ணை மட்டும் கண்டவர் அந்த மனிதனைப் பற்றி என்ன நினைப்பார் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள்.

கியூபெக் ஹொக்கி லீக் தொழில்முறை லீக்காக மாறிய கதைக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள். பெலிவோ முதலில் கியூபெக் நகரத்து ஏசஸ் கழகத்துக்கு ஆடினார். 1952–53இல் 57 ஆட்டங்களில் 50 கோல். அதே பருவத்தில் கனேடியன்ஸ் கழகம் மூன்று ஆட்டங்களுக்கு அவரைக் கூப்பிட்டது, ஐந்து கோல் போட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினார். அவருக்கு ஏசஸில் நல்ல சம்பளம், ஊரில் பெரிய மரியாதை. பெயரளவில் அது தொழில்முறை லீக் இல்லாததால் கனேடியன்ஸ் அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியவில்லை: தொழில்முறையாக ஆடினால் கனேடியன்ஸுக்கே ஆடுவேன் என்று மட்டும்தான் அவர் எழுதிக் கொடுத்திருந்தார். கனேடியன்ஸ் என்ன செய்தது தெரியுமா? லீக்கையே வாங்கி அதைத் தொழில்முறை லீக்காக மாற்றியது. 1953 ஒக்ரோபரில் பெலிவோ கையெழுத்திட்டார். ஒரு ஆளுக்காக ஒரு லீக்கின் தன்மையே மாறியது. நாங்கள் எடுக்கிற பருவம் அதற்கு அடுத்த வருடம், பெலிவோ போன பிறகு மிஞ்சியிருந்தவர்களின் பருவம். அதனால்தான் எனக்கு இது பிடித்தது.

பேப்பரைத் தேடுவது

ஃபோனில் இரண்டு இடம் போதும். கூகுளின் பழைய செய்தித்தாள் காப்பகத்தில் மொன்றியல் கசற், ஒட்டாவா சிற்றிசன் இரண்டும் ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாகக் கிடக்கின்றன. கியூபெக் மாகாண தேசிய நூலகத்தின் இணையத்தளத்தில் பிரெஞ்சுப் பேப்பர்கள் இருக்கின்றன. இரண்டிலும் காசு கேட்பதில்லை. பிரெஞ்சு தெரியாது என்று பயப்படாதீர்கள். அட்டவணைக்கு மொழி குறைவு. ஊர்ப் பெயரும் எண்ணும் தெரிந்தால் போதும். ஒன்றில் மட்டும் கவனம்: ஆங்கிலப் பேப்பரில் 'ஜீ' என்ற எழுத்து கோலையும் பிரெஞ்சுப் பேப்பரில் அதே எழுத்து வெற்றியையும் குறிக்கும். ஒரு கழகத்துக்கு இரண்டு மொழியிலும் இரண்டு பெயர் இருப்பதும் வழக்கம். ஆகவே கழகத்தின் பெயரை விட்டுவிட்டு ஊரின் பெயரால் எழுதுங்கள்: மொன்றியல், கியூபெக், சிக்கூட்டிமி, ஷோவினிகன், வலிஃபீல்ட், ஒட்டாவா. எங்கள் பருவத்தைத் தொடங்கிய ஆறு ஊர்களும் இவைதான்.

சனி இரவு ஆட்டத்தின் முடிவை ஞாயிறு தேடாதீர்கள், திங்கட்கிழமைப் பேப்பரில் பாருங்கள். இரவு நேரத்தில் டேற்றா மலிவு என்றால் அப்போது பக்கங்களைத் தரவிறக்கி வைத்துப் பகலில் எழுதலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

இரட்டைப் பதிவு

கொப்பியில் ஒவ்வொரு ஊருக்கும் நாலு பக்கம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு ஆட்டத்தையும் இரண்டு இடத்தில் எழுத வேண்டும், வென்ற ஊரின் பக்கத்திலும் தோற்ற ஊரின் பக்கத்திலும். சொந்த ஊரில் ஆடியது நீலம், வெளியூரில் ஆடியது சிவப்பு. வர்த்தகம் படித்தவர்களுக்கு இது புதிதல்ல, வரவும் பற்றும்தான். திகதி, எதிரணி, போட்ட கோல், வாங்கிய கோல், முடிவு. ஐந்து நிரலுக்கு மேல் கீறாதீர்கள். நிரல் கூடினால் கை களைக்கும், கை களைத்தால் பதிவு நின்றுவிடும்.

மாதம் முடிய, கூட்டுங்கள். வெற்றிக்கு 2 புள்ளி, சமநிலைக்கு 1, தோல்விக்கு ஒன்றுமில்லை. கரும்பலகைக் கணக்காக ஒன்று சொல்கிறேன், இது எந்த ஊரின் எண்ணும் அல்ல: 60 ஆட்டம், 31 வெற்றி, 25 தோல்வி, 4 சமநிலை என்றால் புள்ளி 66.

இனி, எனக்கு மிகவும் பிடித்த இடம். எல்லா ஊரையும் ஒரே அட்டவணையில் போட்டுக் கீழே கூட்டுத்தொகை எடுங்கள். வெற்றிகளின் மொத்தமும் தோல்விகளின் மொத்தமும் ஒன்றாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஒருவர் வெல்ல ஒருவர் தோற்க வேண்டும். போட்ட கோல்களின் மொத்தமும் வாங்கிய கோல்களின் மொத்தமும் ஒன்றாக வர வேண்டும். சமநிலைகளின் மொத்தம் இரட்டை எண்ணாக வர வேண்டும். இன்னும் ஒன்று: 2–1–0 முறையில் எல்லா ஊர்களின் புள்ளிகளின் மொத்தமும், எல்லா ஊர்களின் 'ஆடிய ஆட்டம்' நிரலின் மொத்தமும் சமன். ஏன் என்று உயர்தரப் பிள்ளையிடம் கேட்டால் உடனே சொல்லிவிடும்: ஒவ்வொரு ஆட்டமும் அட்டவணைக்கு இரண்டு புள்ளி கொடுக்கிறது, அதே ஆட்டம் அந்த நிரலில் இரண்டு தடவை எண்ணப்படுகிறது. புள்ளிகள் கூடிவந்தால் அந்த லீக் எங்கேயோ மேலதிக புள்ளி கொடுத்திருக்கிறது. விதிப்புத்தகம் கையில் இல்லாமலே விதியைக் கண்டுபிடித்துவிடலாம்.

எங்கள் உதைபந்தாட்டத்தில் வெற்றிக்கு 3 புள்ளி என்பதால் அங்கே இந்தச் சமன் வராது. மொத்த ஆட்டங்களை மூன்றால் பெருக்கி, சமநிலையில் முடிந்த ஆட்டங்களின் எண்ணிக்கையைக் கழித்தால் புள்ளிகளின் மொத்தம் வரும். செய்து பாருங்கள்.

கூட்டல் சரிவந்தால் சந்தோசம். சரிவராவிட்டால் பென்சிலால் அழித்துச் சரிப்படுத்திவிடாதீர்கள். கூட்டல் சரிவராத இடத்தில்தான் ஏதோ ஒன்று நடந்திருக்கிறது.

ஒட்டாவா

1954–55இல் அந்த இடம் ஒட்டாவா. செனற்றர்ஸ் என்ற அந்தக் கழகம் 1949இல் அலன் கிண்ணம் வென்றது, கனடாவின் மூத்தோர் பிரிவு அமெச்சூர்க் கிண்ணம் அது. ஐந்து வருடம் கழித்து, 1954 டிசம்பரில், பருவம் பாதியில் இருக்கும்போதே கழகம் மூடப்பட்டது. 1952 ஒக்ரோபரில் கனடியத் தொலைக்காட்சி பெரிய லீக் ஆட்டங்களைச் சனி இரவுகளில் காட்டத் தொடங்கியிருந்தது. வீட்டில் இருந்து பெரிய ஆட்டத்தைப் பார்க்கலாம் என்றானபோது, குளிரில் வெளிக்கிட்டுப் போய் உள்ளூர் ஆட்டம் பார்க்கிற கூட்டம் குறைந்தது.

பெரும்பாலான பின்னாளைய அட்டவணைகளில் இப்படிப்பட்ட கழகம் கடைசி வரியில் கிடக்கும், அல்லது வரியே இருக்காது. வரியை எடுத்துவிட்டால் மற்ற ஐந்து ஊர்களின் வெற்றியும் தோல்வியும் ஒன்றையொன்று சந்திக்காது. ஆகவே கொப்பியில் இரண்டு அட்டவணை போடுங்கள். முதலாவது, ஒட்டாவாவின் கடைசி ஆட்டம் நடந்த இரவு வரை, ஆறு ஊர்களோடு. இரண்டாவது, அதற்கு அடுத்த நாளிலிருந்து, ஐந்து ஊர்களோடு. இரண்டையும் தனித்தனியாகக் கூட்டிச் சரிபார்த்த பிறகு சேருங்கள்.

ஐந்து என்பது ஒற்றை எண். ஐந்து கழகம் மிஞ்சினால் எல்லோரும் ஆடுகிற இரவிலும் ஒரு ஊர் சும்மா இருக்க வேண்டும். டிசம்பருக்குப் பிறகு திகதிகளுக்கிடையில் இடைவெளி எங்கே கூடுகிறது என்று ஒவ்வொரு ஊரின் பக்கத்திலும் பாருங்கள். ஒட்டாவாவோடு ஆடவேண்டிய நாளுக்கு வேறு ஊரைப் போட்டார்களா, நாளையே விட்டார்களா என்பது அந்த இடைவெளியில் தெரியும்.

இன்னொன்றும் செய்யுங்கள். நவம்பர் மாதத்து ஆட்ட விபரங்களில் ஒட்டாவாவுக்குக் கோல் போட்டவர்களின் பெயர்களைத் தனித் தாளில் எழுதி வைத்து, ஜனவரிப் பேப்பர்களில் அதே பெயர்கள் வேறு ஊர்களின் வரிசையில் வருகின்றனவா என்று தேடுங்கள். கழகம் மூடப்பட்டால் ஆட்டக்காரன் சம்பளத்தைத் தேடிப் போகத்தான் வேண்டும். ஒரு பெயர் சிக்கூட்டிமியில் கிடைத்தால் அதன்மேல் சிவப்பு வட்டம் போடுங்கள். பிள்ளைகளுக்கு இந்தத் தேடல் கோல் கணக்கைவிட விருப்பம். எங்கள் பிள்ளைகளுக்கு இடம்பெயர்ந்தவரைத் தேடுவது எப்படி என்று யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

வழியும் ஆட்களும்

ஒரு பக்கத்தில் வரைபடம் கீறுங்கள். மொன்றியலிலிருந்து கியூபெக் ஏறக்குறைய 250 கிலோமீற்றர். கியூபெக்கிலிருந்து சிக்கூட்டிமி 200 கிலோமீற்றர் அளவு, ஆளில்லாக் காட்டுக்கூடாக. வலிஃபீல்ட் மட்டும் மொன்றியலுக்குக் கிட்ட, பஞ்சாலை ஊர். வவுனியாவிலிருந்து பரந்தன் வரை ஏ9 வீதியில் பஸ்ஸில் போனவருக்கு இந்தத் தூரங்கள் விளங்கும், மேலே பனியைக் கொட்டிக்கொள்ளுங்கள். இனிச் சிவப்பில் எழுதிய வெளியூர் ஆட்டங்களைப் பார்த்து, தூரத்து ஊருக்குப் போனபோது வாங்கிய கோல் கூடுகிறதா என்று ஒவ்வொரு ஊருக்கும் சராசரி எடுங்கள். புதுக்குடியிருப்புக்கு லான்ட்மாஸ்ரரில் குலுங்கிப் போய் இறங்கியவுடன் ஆடிய எங்கள் பெடியள் முதல் பாதியில் கோல் வாங்குவதை நான் எல்லைக்கோட்டில் நின்று பார்த்திருக்கிறேன். அதை எண்ணில் காட்ட ஒரு கொப்பி வேண்டும்.

ஆட்கள் பக்கத்துக்கு எல்லோரையும் எழுத முடியாது. நான் வலிஃபீல்டின் லரி குவொங்கைக் கட்டாயம் எழுதச் சொல்வேன். பிரிட்டிஷ் கொலம்பியாவில் மரக்கறிக்கடை வைத்திருந்த சீனக் குடும்பத்துப் பிள்ளை. 1948 மார்ச் 13ஆம் திகதி நியூயோர்க் ரேஞ்சர்ஸுக்காக மொன்றியலில் இறங்கினார். கடைசிப் பகுதியில் ஒரு நிமிட அளவுதான் களத்தில் விட்டார்கள். பெரிய லீக்கில் அவருடைய கணக்கு அவ்வளவே. கனடாவில் சீனர்களுக்கு வாக்குரிமை கிடைத்ததே அதற்கு முதல் வருடம், 1947இல்தான். அவர் நியூயோர்க்கை விட்டு வலிஃபீல்டுக்கு வந்தார், 1951இல் அந்த லீக்கின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருதை எடுத்தார். அவருக்குப் பயிற்றுநராக இருந்த ரோ பிளேக், 1955இல் கனேடியன்ஸுக்குப் போய் 1956 தொடக்கம் 1960 வரை ஐந்து வருடமும் தொடர்ந்து பெரிய லீக்கின் ஸ்ரான்லி கிண்ணம் எடுத்தார். பயிற்றுநர் மேலே போனார், ஆட்டக்காரருக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. இருவரையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள்.

கியூபெக் ஏசஸின் பயிற்றுநர் பஞ்ச் இம்லக்குக்கும் ஒரு வரி. பின்னாளில் ரொறன்ரோவுக்கு நான்கு ஸ்ரான்லி கிண்ணம் எடுத்துக் கொடுத்தவர், 1967இலும் அவர்தான். ரொறன்ரோவில் சொந்தக்காரர் இருப்பவர்கள் கேட்டுப் பாருங்கள், அந்தக் கழகம் அதற்குப் பிறகு இன்னும் கிண்ணம் எடுக்கவில்லை.

மார்ச் மாதத்தில் கவனம்

1955 மார்ச் 17ஆம் திகதியை ஓரத்தில் குறியுங்கள். பெரிய லீக்கின் தலைவர் கிளறன்ஸ் கம்பெல், மொன்றியலின் செல்லப்பிள்ளை மொறிஸ் றிஷாரை அதற்கு முதல் நாள்தான் பருவத்தின் மிச்ச ஆட்டங்களிலிருந்து தடைசெய்திருந்தார். 17ஆம் திகதி இரவு மொன்றியல் ஃபோறம் அரங்கில் ஆட்டம் பாதியில் நின்றது, நகரத் தெருக்களில் கலவரம். வெறும் ஹொக்கிச் சண்டை அல்ல அது. பிரெஞ்சு பேசுகிற மக்கள் தங்களுக்கு நடந்த அநியாயமாக அதை எடுத்துக்கொண்டார்கள். சின்ன லீக்கின் மொன்றியல் றோயல்ஸும் அதே ஃபோறத்தில்தான் ஆடியது. அந்தக் கிழமைகளில் மொன்றியல் பேப்பரில் சின்ன லீக்கின் முடிவு கிடைக்காவிட்டால், கியூபெக் நகரத்துப் பேப்பரையும் துறுவா-றிவியேர் ஊரின் லு நூவெலிஸ்ற்றையும் திறந்து பாருங்கள். ஷோவினிகன் அதற்குப் பக்கத்து ஊர்.

இனி, குறித்து வைக்கச் சொன்ன ஷோவினிகன். செயின்ற் மொறிஸ் ஆற்றங்கரையில் நீர்மின்னும் அலுமினியமும் காகிதமும் செய்கிற தொழிலாளர் ஊர். அந்தப் பருவம் லீக்கை வென்றது இந்த ஊர்தான். அதோடு நிற்கவில்லை. எடின்பரோ கோமகன் வழங்கிய கிண்ணம் ஒன்று 1954 தொடக்கம் 1957 வரை, கியூபெக் லீக் சம்பியனுக்கும் மேற்கு லீக் சம்பியனுக்கும் இடையில் ஆடப்பட்டது. 1955இல் ஷோவினிகனுக்கு எதிரணி, தரைவழியே மூவாயிரம் கிலோமீற்றருக்கு மேல் தள்ளியிருந்த எட்மன்ரன் ஃபிளையேர்ஸ். அந்தப் பருவம் எட்மன்ரனுக்கு ஆடியவர்களைப் பாருங்கள்: கோலில் கிளென் ஹோல், முன்வரிசையில் ஜோனி பியூசிக், நோம் உல்மன். ஹோல் பின்னாளில் பெரிய லீக்கில் இடைவிடாமல் 502 ஆட்டம் கோலில் நின்றார், அதுவும் முகமூடி இல்லாமல். பியூசிக் பெரிய லீக்கில் 556 கோல், உல்மன் 490. மூவரும் ஹொக்கிப் புகழ் மண்டபத்தில் இருக்கிறார்கள். அந்தக் கழகத்தை ஷோவினிகன் வென்றது. இதற்கு ஒரு முழுப் பக்கம் கொடுங்கள், சிவப்பில் எழுதினாலும் குற்றமில்லை.

அதே கொப்பியின் பின்பக்கம்

முன்பக்கம் ஷோவினிகனோடு முடிந்ததும் கொப்பியைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து எங்கள் சுற்றுகளை எழுதுங்கள். இங்கே பேப்பர் இல்லை, ஆட்கள்தான் இருக்கிறார்கள். "ஆர் வெண்டது?" என்று கேட்டால் ஒவ்வொருவரும் தங்கள் கழகத்தைத்தான் சொல்வார்கள். அப்படிக் கேட்காதீர்கள். "அண்ணை, அந்த ஆட்டம் வற்றாப்பளைப் பொங்கலுக்கு முன்னமோ பிறகோ? சிறுபோகம் வெட்டியாச்சோ? யாழ்ப்பாணத்துச் சனம் வந்திட்டுதோ?" என்று கேளுங்கள். 1995 ஒக்ரோபர் கடைசியில் யாழ்ப்பாணம் முழுதும் இடம்பெயர்ந்தது, அதில் பெருந்தொகையானோர் வன்னிக்கு வந்தார்கள். எங்கள் கழகங்களில் புதுப் பெயர்கள் அதற்குப் பிறகு வரும். அந்தப் பெயர்களில் யாராவது அணியில் இருந்ததாக ஒருவர் சொன்னால் ஆட்டம் எந்த வருடத்துக்கு முன்னால் இருக்க முடியாது என்பது தானாகத் தெரியும்.

இங்கேயும் இரட்டைப் பதிவுதான். ஒரு கழகத்து ஆள் சொன்ன முடிவை நீலத்தில் எழுதி, எதிர்க் கழகத்து ஆள் தனியாக அதையே சொன்ன பிறகுதான் சரிக்குறி போடுங்கள். இருவரையும் ஒரே திண்ணையில் இருத்திக் கேட்கக்கூடாது. வயதில் மூத்தவர் சொல்வதற்கு மற்றவர் தலையாட்டிவிடுவார். அக்காமார், அம்மாமாரிடமும் கேளுங்கள். யார் காலில் காயத்தோடு வந்தார், எந்த ஆட்டத்துக்குச் சோற்றுப்பார்சல் கட்டினோம் என்பது அவர்களுக்குத்தான் ஞாபகம்.

இடையில் நின்றுபோன சுற்றுகளை ஒட்டாவாவைப் போலவே எழுத வேண்டும். கடைசியாக ஆடிய ஆட்டத்தின் கீழே கோடு, கோட்டின் பக்கத்தில் திகதி, ஏன் நின்றது என்று ஒரு வரி. ஆடாத ஆட்டங்களின் கட்டத்தை வெறுமையாக விடுங்கள், பூச்சியம் போடாதீர்கள். பூச்சியம் என்றால் ஆடி, கோல் இல்லாமல் முடிந்தது என்று அர்த்தம். விலகிய கழகத்தின் வரியை வெட்டாதீர்கள். திரும்பி வராத ஆட்டக்காரரின் பெயருக்குப் பக்கத்தில், வீட்டுக்காரரைக் கேட்டு அவர்கள் சம்மதித்ததை மட்டும் எழுதுங்கள்.

எழுதி முடிந்த ஒவ்வொரு பக்கத்தையும் அன்றன்றைக்கே ஃபோனில் படமெடுத்து, வெளியூரில் ஒருவருக்கும் வெளிநாட்டில் ஒருவருக்கும் அனுப்பிவிடுங்கள். என்னுடையவை வவுனியாவில் மகளிடமும் மொன்றியலில் அண்ணாவிடமும் இருக்கின்றன. படத்தில் திகதி நிரல் வெட்டுப்படாமல் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த பக்கத்தைத் தொடங்குங்கள்.